மருமகள் கையால்

கோயில் துணி வாஷிங் மெஷினுக்குள் சுற்றிய கதையைப் போன வாரம் படித்துவிட்டு, "அந்த மாமியார் இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டார்" என்று பந்தயம் கட்டியவர்கள் உங்களில் இருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு நாலு வரி சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம்.

பூசை முடிந்ததும் கிண்ணம் துடைத்த துணி, பீடத்தில் விரித்த சின்னத் துகில் எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்து வந்து துவைத்துத் தேய்த்துக் கொடுப்பது நம் மாமியாரின் பொறுப்பு. சம்பளம் இல்லை, பெயர் இல்லை. மற்ற துணியோடு அவற்றைச் சேர்க்கக் கூடாது. முதலில் தனிப் பாத்திரத்தில் அலசி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் மண்ணில் ஊற்ற வேண்டும். நற்கருணையின், அதாவது கிறிஸ்துவின் உடலாக வழங்கும் அப்பத்தின், துகள் ஏதாவது ஒட்டியிருந்தால் அது கழிவோடு போய்விடக் கூடாது, அதற்காக. கல்யாணமாகி இந்தக் கோயில் பங்குக்கு வந்த நாளிலிருந்து அந்த அம்மாள் பார்க்கும் வேலை இது.

அவருக்குப் பக்கவாதம் வந்து படுத்த வாரம், தையல் கடையிலிருந்து அரக்கப்பரக்க வந்த மருமகள், கூடையில் இருந்ததை அப்படியே அள்ளி மெஷினில் போட்டுவிட்டாள். பிள்ளைகளின் அழுக்குச் சாக்ஸோடு சேர்த்து. வேண்டுமென்றா செய்தாள்? ஒரு பக்கம் ஆஸ்பத்திரி, ஒரு பக்கம் கடை, ஒரு பக்கம் பிள்ளைகள். எதில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவளுக்குக் கண்ணே இல்லை.

விஷயத்தை மாமியார் காதில் போட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? நாத்தனார்தான். கணக்கு டீச்சர், கோயில் பாடற்குழுவின் தலைவி, வீட்டில் அவளுக்கு 'மைக்' என்று பேர். கோயிலில் ஒலிபெருக்கி மாட்டிய எலெக்ட்ரீஷியன் அவளுடைய அண்ணன், அதாவது நம் மருமகளின் கணவன். "இவ பாடினா நான் மாட்டினதுக்கு வேலையே இல்ல" என்று அவன் வைத்த பேர் அது.

மறுநாள், போன ஞாயிற்றுக்கிழமை, மருமகள் நற்கருணையோடு கட்டிலருகே போய் நின்றபோது மாமியார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "சாமி வரட்டும்" என்றார். அவ்வளவுதான். நற்கருணைப் பணியாளராக மூன்று மாதம் முன்பு பொறுப்பேற்றவள், எத்தனையோ நோயாளி வீடுகளுக்குக் கொண்டுபோனவள், சொந்த மாமியார் கட்டிலிலிருந்து வெறுங்கையோடு திரும்பினாள்.

ஞாயிறு சாயங்காலமே பங்குத் தந்தை வருடாந்திரத் தியானத்துக்குப் புறப்பட்டுவிட்டார். ஒரு வாரம் வெளியே யாரோடும் பேச்சு கிடையாது. அக்கம்பக்கத்து நாலு கோயிலுக்கும் சேர்த்து ஒரே ஒரு சாமியார். அவரும் பாவம், எந்த மூலைக்கென்று ஓடுவார்? எல்லாவற்றையும் பங்கு மக்களே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்றைக்கு மாதத்தின் முதல் வெள்ளி.

முதல் வெள்ளியில் நோயாளிகளுக்கு வீடு தேடி நன்மை, அதாவது நற்கருணை, கொண்டுபோவது வழக்கம். மருமகள் காலையிலேயே தன் சுற்றை முடித்திருந்தாள். இடுப்பு முறிந்து படுத்திருக்கும் ரிட்டயர்டு பஸ் டிரைவர், "என்னம்மா, இன்னிக்கு ஆண்டவர் கொஞ்சம் லேட்டு?" என்று கேட்டு, தானே சிரித்து, பிறகு கண்ணை மூடிக் கைகுவித்தார். அவருக்குக் கொடுத்தாள். இன்னும் சிலருக்குக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகவில்லை. மறுபடி ஒரு முறை அந்த முதுகைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

கடைக்கு வந்து உட்கார்ந்து, ஒரு சீருடைக் கால்சட்டைக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தபோது கணவனிடமிருந்து போன் வந்தது.

"டாக்டர் பாத்துட்டுப் போனாங்க. அம்மாவுக்குத் தண்ணிகூட சரியா இறங்கல. மூச்சுக்குழாய்க்குள்ள போயிடுதாம். மூணு மணிக்கு மூக்கு வழியாக் குழாய் வெக்கறாங்க. அதுக்கப்புறம் வாய்ல எதுவும் கிடையாதாம்."

"எதுவுமேவா?"

"துளித் தண்ணிகூட."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "எத்தன நாளைக்குங்க?"

"அவங்க நாள்னே சொல்லல. நுரையீரல்ல சளி கட்டியிருக்கு. பாக்கலாம்னாங்க." "அம்மா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. அப்ப நன்மை எப்படிடா வாங்குவேன்னாங்க."

"சாமியாருக்குச் சொன்னீங்களா?"

"பக்கத்துப் பங்குச் சாமியாருக்கு மைக் போன் போட்டா. அடக்கப் பூசையில இருக்காராம். எப்படிப் பறந்து வந்தாலும் அஞ்சு மணியாயிடும்னாரு."

மூன்று மணிக்குக் குழாய். ஐந்து மணிக்குச் சாமியார். நடுவில் யார் இருக்கிறார்கள் என்று அவள் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை.

"நான் கொண்டுவர்றேன்" என்றாள். "வேண்டாம்னு சொன்னா திருப்பிக் கொண்டுபோறேன். உங்களுக்கும் ஒண்ணு எடுத்துட்டு வரவா? போன ஞாயிறும் நீங்க பூசைக்கு வரல, அத்தை பக்கத்துலயே இருந்துட்டீங்க."

"ம். எடுத்துட்டு வா."

கோயிலில் ஆள் இல்லை. ஈரத் துணியால் துடைத்த தரை இன்னும் காயாமல் இருந்தது. விரல்களைக் கழுவி, சாவியை எடுத்து, நற்கருணைப் பேழையின் முன் முழந்தாளிட்டாள். பூட்டில் சாவி எப்போதும் முதல் தடவையில் திரும்பாது. கொஞ்சம் வெளியே இழுத்துத் திருப்ப வேண்டும். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சின்னச் சிமிழில் இரண்டு அப்பங்களை வைத்து மூடினாள். ஒன்று அத்தைக்கு, ஒன்று கணவனுக்கு.

அந்த இடத்தில் நிற்கும்போதெல்லாம் அவளுக்குப் போன வருடத்து ஞாயிறு நினைவுக்கு வரும். நற்கருணைப் பணிக்கான பயிற்சிக்குத் தேர்ந்தவர்கள் நாலு பேர், அதில் நீயும் ஒருத்தி என்று பங்குத் தந்தையே முன்கூட்டிச் சொல்லியிருந்தார். பூசை முடிவில் பெயர் வாசித்தார்கள். மூன்று பெயர்தான் வந்தது. நாலாவது பெயருக்காக இருக்கையிலிருந்து பாதி எழுந்தவள், புடவையைச் சரிசெய்வதுபோல் பாவனை காட்டி மறுபடி உட்கார்ந்தாள். "அடுத்த வருஷம் பாப்போம்மா" என்றார் அவர். ஏன் என்று சொல்லவில்லை. ஒரு வருடம் அவள் தன்னையே குடைந்து குடைந்து பார்த்தாள். படிப்பு போதாதா? பேச்சு சரியில்லையா? ஊர் முன்னால் அவமானப்பட்டது ஆறிவிடும். காரணம் தெரியாததுதான் ஆறவே இல்லை.

"ஆண்டவரே, என் கை அவங்களுக்குப் பிடிக்கலன்னா போகட்டும்" என்றாள் வாய்விட்டு. "அவங்களப் பட்டினியா மட்டும் அனுப்பிடாதீங்க."

ஆஸ்பத்திரியில் அந்த அறைக்கு இரண்டு கட்டில், நடுவில் பச்சைத் திரை. அடுத்த கட்டில் காலி. மாமியாருக்கு இடது பக்கம் முழுவதும் விழுந்திருந்தது. பேச்சு குழறினாலும் காதைக் கொண்டுபோனால் புரியும். புத்தி மட்டும் கத்தி மாதிரி, அதில் ஒரு குறையும் இல்லை.

டாக்டரம்மா வாசலிலேயே பிடித்துச் சொல்லிவிட்டாள். "கடுகளவுதான். ஒரு ஸ்பூன் தண்ணியில நல்லா ஊறணும். நர்ஸ் பக்கத்துல இல்லாம குடுக்காதீங்க. மூணு மணிக்கு மேல எங்கிட்ட கேக்கவே கேக்காதீங்க."

மருமகள் மேசையைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்து, சிமிழை வைத்தாள். மாமியாரின் கண் அந்தத் துணியில் நின்றது. கஞ்சி போட்டு, மூலைக்கு மூலை மடித்துத் தேய்த்த துணி. அவரே தேய்த்ததுதான்.

"அத்தை. கொண்டுவந்திருக்கேன்."

"சாமி வரட்டும்."

"சாமி அஞ்சு மணிக்குத்தான்மா வருவாரு" என்றான் மகன். "அதுக்குள்ள குழாய் வெச்சுடுவாங்க."

"அப்ப வேண்டாம்."

மைக்குக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய மெல்லிய குரலே வராந்தா முழுக்கக் கேட்கும். "நான் அப்பவே சொன்னேன்ல அண்ணி! சாக்ஸோட சேத்துப் போட்டீங்களே, ஆண்டவரையே ராட்டினத்துல ஏத்திச் சுத்தவிட்ட மாதிரி. அம்மா மனசு எப்படி ஆறும்? நீங்க கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேளுங்க."

"கேட்டுட்டேன். மூணு தரம் கேட்டுட்டேன்."

"நாலாவது தரம் கேளுங்க!"

"ஏய், சும்மா இரு" என்றான் அண்ணன்.

மைக் சும்மா இருக்கப் பிறந்தவளா? போனை எடுத்துப் பக்கத்துப் பங்குச் சாமியாரைப் பிடித்து, அம்மாவின் காதருகே வைத்தாள். அடக்கத்துக்குக் கூடிய ஜனத்தின் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"அம்மா, கேக்குதா? உங்க மருமக கையில இருக்கறதும் என் கையில இருக்கறதும் ஒரே ஆண்டவர்தான். ஆயரே அனுமதி குடுத்திருக்காரு. தயங்காம வாங்கிக்குங்க."

"அத நீங்க சொல்லியா சாமி நான் தெரிஞ்சுக்கணும்?" கிழவியின் குழறலிலும் ஒரு வெட்டு இருந்தது. "அவரு அதே ஆண்டவர்தான். எனக்கு அதுல சந்தேகமே இல்ல."

"அப்புறம் என்னம்மா தடை?"

மாமியார் நல்ல கையால் போனை விலக்கினார். பிறகு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"எல்லாரும் வெளிய போங்க. அவ மட்டும் இருக்கட்டும்."

மைக் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணன் அவளைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனான். கதவை அவன்தான் சாத்தினான்.

"கிட்ட வா" என்றார் மாமியார். "எனக்குக் கத்த முடியாது."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, காதை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"மெஷின்ல போட்டத நான் அன்னிக்கே விட்டுட்டேன். நீ என்ன தெரிஞ்சா செஞ்ச? அதுக்கெல்லாம் நன்மைய வேண்டாம்னு சொல்லுவாளா ஒருத்தி?"

"அப்ப ஏன் அத்தை?"

"எனக்குச் செஞ்ச பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும். அதுக்குத்தான் சாமி. இத மனசுல வெச்சுகிட்டு, உன் கையாலயே வாங்கி முழுங்கச் சொல்றியா? வேற யாரு கையா இருந்தாலும் பொறுத்திருப்பேன். உன் கை."

மருமகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமியார் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"போன வருஷம் உன் பேரு நின்னுச்சே. நிறுத்தினது நான்."

அறையில் எங்கோ ஒரு கருவி விட்டுவிட்டுச் சத்தம் போட்டது.

"சாமிகிட்டப் போய்ச் சொன்னேன். எங்க வீட்டுல சமாதானம் இல்ல, அவ வாய் சரியில்ல, புருஷன விட்டுட்டுப் போறேன்னு நிக்கறா, அவ கையிலயா ஆண்டவரக் குடுப்பீங்கன்னு. அத்தனையும் பொய்."

"ஏன் அத்தை?" அது அவள் குரல் மாதிரியே இல்லை. "நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. எனக்கு வயித்தெரிச்சல்." கண் ஓரத்திலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. துடைத்துக்கொள்ள அவருக்கு அந்தப் பக்கத்துக் கை வரவில்லை. "எத்தன வருஷமா அவரு பட்ட துணியத் துவைக்கறேன். துணியத் தொடறதுக்கே எனக்குக் கை கூசும். நேத்து வந்தவ நீ. உன் கையில அவரையே தூக்கிக் குடுக்கறாங்க. வீட்டுக்கு வந்து அந்தத் துணியெல்லாம் கசக்கிப் பிழிஞ்சேன். அன்னிக்குத்தான் முதல் தரம், செபம் சொல்லாமத் துவைச்சேன்."

மருமகள் எழுந்துவிட்டாள். எழுந்தது அவளுக்கே தெரியவில்லை. ஜன்னலுக்குப் போனாள். கீழே ஆம்புலன்ஸ் ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது. ஒரு வருடம். ஒரு முழு வருடம் கண்ணாடி முன் நின்று என்னிடம் என்ன குறை என்று தேடினாளே, அதற்குக் காரணம் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. கோபம் வந்தது. வரத்தான் செய்யும், அவள் என்ன கல்லா?

"ஃபாதர் உடனே நம்பிட்டாரா?" என்றாள் திரும்பாமல்.

"இல்ல. என் பேச்ச மட்டும் வெச்சு உன் பேர அடிக்கல. இன்னொருத்தரயும் கூப்பிட்டுக் கேட்டாரு. அவங்களும் ஆமான்னு சொன்னப்புறம்தான்."

அவள் திரும்பினாள். "யாரு அத்தை அது?"

மாமியார் கண்ணை மூடித் திறந்தார். "அது என் பாவம் இல்ல. நான் என்னோடதத்தான் சொல்லணும். அடுத்தவங்களோடத நான் சொல்லக் கூடாது."

கதவு லேசாகத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "அக்கா, நேரமாகுது. டாக்டர் குழாய் எடுத்து வெக்கச் சொல்லிட்டாங்க."

"ஒரே நிமிஷம் சிஸ்டர்."

கதவு மூடியது. இருவரும் மேசை மேல் இருந்த சிமிழைப் பார்த்தார்கள்.

"சாமிகிட்ட சொல்றதுதான் எனக்குச் சுலபம்" என்றார் மாமியார். "அதனாலதான் அவருக்குக் காத்துகிட்டிருந்தேன். உன்கிட்ட சொல்றத எப்படியாவது தட்டிக்கழிக்கலாம்னு. இப்ப சொல்லிட்டேன். உனக்கு மனசு வரலன்னா நியாயம்தான். நான் இப்படியே போறேன். உன்னச் சொல்ல மாட்டேன்."

அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்தக் கையால் எப்படி எடுப்பது? மாமியாருக்கு இருந்த அதே தடை இப்போது அவளுக்கும் வந்துவிட்டது.

"அத்தை, ஒண்ணு கேக்கறேன். இந்தப் பணிக்கு வர்றீங்களான்னு உங்கள யாராவது எப்பவாவது கேட்டாங்களா?"

மாமியாருக்கு அந்தக் கேள்வியே புதிதாக இருந்தது. "என்ன எதுக்குக் கேப்பாங்க? துவைக்கறவதானே."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். வருத்தம்கூட அதில் இல்லை. அதுதான் மருமகளைத் தாக்கியது. கோயிலே எங்களுடையது என்று குழு குழுவாகக் கூடிப் பேசுகிறோம். சனிக்கிழமைதோறும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து போன இந்த அம்மாளை நிறுத்தி ஒரு வார்த்தை கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"கோவம் போகல அத்தை" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பொய் சொல்ல மாட்டேன். ஆனா மன்னிச்சுட்டேன். ரெண்டும் ஒண்ணா இருக்கலாமான்னு எனக்குத் தெரியல."

"இருக்கட்டும். உன் கோவம் மெதுவாப் போகட்டும், உனக்கு நாள் இருக்கு." கிழவியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்புதான் அது. "அவசரம் எனக்குத்தானே."

மருமகள் கதவைத் திறந்தாள். நர்ஸ் வந்தாள், மைக் வந்தாள், கடைசியாகக் கணவன் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றான். பரமண்டல செபத்தை எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். ஆச்சரியமாக, மைக்கின் குரல் யாருக்கும் கேட்கவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

அப்பத்திலிருந்து கடுகளவு கிள்ளினாள் மருமகள். மாமியாரின் வலது கையைப் பிடித்து விரித்தாள்.

"கைய நீட்டுங்க அத்தை. உங்க கையில தர்றேன். நீங்களே ஸ்பூன்ல போட்டு எடுத்துக்குங்க."

சோப்பிலும் நீலத்திலும் ஊறி வெடித்த அந்த உள்ளங்கை ஒரு கணம் திறந்திருந்தது. மாமியார் அதை ஆசையோடு பார்த்தார். எத்தனை வருடத்து ஆசை! பிறகு கையை மெல்ல மூடி, மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம். உன் கையாலயே குடு."

"கிறிஸ்துவின் திருவுடல்."

"ஆமென்." அந்த ஒரு சொல் மட்டும் குழறாமல் வந்தது.

ஸ்பூன் தண்ணீரில் ஊறிய துகள் உள்ளே போயிற்று. நர்ஸ் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். தொண்டை ஒருமுறை ஏறி, நின்று, இறங்கியது. இருமல் வரவில்லை. மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் இருந்த இறுக்கமெல்லாம் விட்டுப் போயிருந்தது. மீதித் துணுக்கையும் சிமிழில் பத்திரப்படுத்தி, மருமகள் இரண்டாவது அப்பத்தை எடுத்துக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"கிறிஸ்துவின் திருவுடல்."

அவன் வாய் திறக்கவில்லை. கையும் நீட்டவில்லை.

கேட்கவில்லையோ என்று அவள் இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். அவன் அப்பத்தைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. பிறகு ஒரு எட்டு பின்னால் வைத்தான். முதுகு பச்சைத் திரையில் இடித்தது.

"இன்னிக்கு வேண்டாம்" என்றான்.

"ஏன் அண்ணா, ஏதாவது சாப்பிட்டியா?" என்றாள் மைக். "நான்தான் இப்பப் பிஸ்கட் தின்னேன், சாப்பிட்ட உடனே நன்மை வாங்கக் கூடாதே, அதான் வாங்கல. நீ காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கலியே."

"சாப்பிடல" என்றான் அவன்.

மருமகள் கையை இறக்கினாள். இத்தனை வருடத்தில் அவன் நன்மை வாங்காமல் நின்று அவள் பார்த்ததில்லை. மாமியாரின் மூடிய இமைகளைப் பார்த்தாள். 'அது என் பாவம் இல்ல' என்றாரே. அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பத்தைச் சிமிழுக்குள் வைத்து மூடினாள். மூடி சரியாகப் பொருந்த இரண்டு மூன்று முறை அழுத்த வேண்டியிருந்தது.

மிஞ்சியதைப் பணியாளரே உட்கொள்ளலாம், அல்லது பேழைக்குத் திருப்பிக் கொண்டுபோகலாம். உட்கொள்ள அவளால் முடியவில்லை. மாமியாரின் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு, சிமிழைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். குழாய், தட்டு, கையுறை எல்லாம் ஏந்தி இன்னொரு நர்ஸ் உள்ளே போனாள்.

"மைக் அம்மாகூட இருக்கா. நான் கொண்டுபோய் விடறேன்" என்று பின்னால் வந்தான் கணவன்.

அவனுடைய வேலை வண்டி. பின்னால் ஒயர்ச் சுருளும் ஏணியும் குலுங்கின. முதல் சிக்னல் தாண்டியதும் அவன் தொண்டையைக் கனைத்தான்.

"இங்க பாரு, நான் சொல்றத..."

அவள் ஒரு விரலைத் தன் உதட்டில் வைத்தாள். மறு கை நெஞ்சின் மேல், சிமிழின் மேல் இருந்தது. நற்கருணையைச் சுமந்து போகிறவள் வழியில் பேசக் கூடாது. அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடமே அதுதான். அவனுக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டு ஓட்டினான்.

அவ்வளவு நீளமான சாலையா அது? பெயர் வாசிக்காமல் விட்ட அந்த ஞாயிறு சாயங்காலம், படுக்கையில் குப்புறக் கிடந்து அழுதவளின் தலையைத் தடவிக் கொடுத்து, "விடும்மா, காரணம் இல்லாம ஃபாதர் செய்வாரா?" என்று இவன் சொன்னது ஞாபகம் வந்தது. தடவிய அந்தக் கை இப்போது கியரில் இருந்தது. கேள்வி நாக்கு நுனியில் நின்றது. அவள் ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். இருவரில் யார் யாரைச் சுமந்தார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கோயில் வந்தது. அவள் மட்டும் உள்ளே போனாள். பேழையில் வைத்துப் பூட்டினாள். விரல்களைக் கழுவி அந்தத் தண்ணீரையும் மண்ணில் ஊற்றினாள். முழந்தாளிட்டு எழுந்தபோது கழுத்தில் இருந்தது வெறும் சிமிழ்.

அவன் வெளிப்படியில், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவள் கீழே இறங்கி வந்து அவனுக்கு எதிரே நின்றாள்.

"ஃபாதர் உங்களக் கூப்பிட்டு என்ன கேட்டார்னு எனக்குத் தெரியும்" என்றாள். "நீங்க ஏன் ஆமான்னு சொன்னீங்க? இப்பச் சொல்லுங்க."